சோத்தாங்கைக்கு வேலை வைக்காத வண்டி

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று மருமகப்பிள்ளை கேட்டார். நாலு வார்த்தையில் முடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அது அவருக்கும் தெரியும். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்; நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். பேச்சை மட்டும் திருத்த வேண்டாம். இந்தப் பேச்சை வைத்துத்தான் இந்தக் கடையைக் கட்டினேன்.

நீங்கள் விற்பது பேட்டரியில் ஓடுகிற ஸ்கூட்டர். அமுக்கினால் போகிறது, விட்டால் நிற்கிறது. நான் கட்டியது கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி. வண்டிதான் மாறியிருக்கிறது. வாங்க வருகிற ஆள் மாறவில்லை. கால் வராத ஒருவர் நடுவில் உட்கார்ந்திருப்பார். அவரைச் சுற்றி நாலு பேர் நின்றுகொண்டு அவருக்கு என்ன வேண்டும் என்று நமக்குச் சொல்வார்கள். உங்கள் வேலை அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. விலைப் பட்டியலை எடுத்து நீட்டுகிற இடத்தில் அல்ல.

தாடிக்கொம்புக்கு அந்தாண்டை ஒரு காட்டில் கத்தரிக்காய்க்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவன் நான். திண்டுக்கல்லுக்கு வந்து வாடகை சைக்கிள் கடையில் துடைக்கிற வேலை, பஞ்சர் ஒட்டுகிற வேலை, பிறகு சொந்தக் கடை. யாரும் என்னைக் கை தூக்கிவிடவில்லை. தூக்க வந்தவர்களும் என் கையிலிருந்த கிரீஸைப் பார்த்து விலகிப் போனார்கள். ஐம்பதுகளின் கடைசியில், நடக்க முடியாதவருக்கு வண்டி வேண்டும் என்றால் திண்டுக்கல்லில் ஒரே ஆளிடம்தான் வர வேண்டும். அந்த ஆள் நான்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய்யாகும்.

பெரிய பாடத்துக்குப் போகுமுன் ஒரு சின்னப் பாடம்.

ஊரில் ஒரு புகையிலை மண்டி முதலாளி இருந்தார். வாதம் வந்து இடுப்புக்குக் கீழே விழுந்துவிட்டது. மகன்கள் என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். பழைய காலத்து வீடு. வாசல் நிலை குறுகல். "நிலையை அளந்துட்டு வண்டியைச் சொல்லுவோம் முதலாளி" என்றேன்.

மூத்த மகன் என் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். "பஞ்சர் ஒட்டுற ஆளு நிலையை அளக்கப் போறியா? நீ என்ன கொத்தனாரா?" என்றார்.

சரி என்று வந்துவிட்டேன். மெட்ராஸிலிருந்து ரயிலில் ஒரு வண்டி வந்து இறங்கியது. மாப்பிள்ளை ஊர்வலக் கார் மாதிரி மெத்தை, இரண்டு பக்கமும் நிக்கல் பூச்சு. வீட்டு வாசலில் போய் நின்றது. உள்ளே போகவில்லை. நிலையை இடித்து அகலமாக்கலாம் என்று மகன்கள் ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். படுக்கையிலிருந்தே முதலாளி சொல்லியிருக்கிறார்: "பூசை போட்டு வச்ச நிலையை என் காலுக்காக இடிப்பியா? நிலை போனா வீடு நிலைக்குமாடா?"

கொஞ்ச நாள் கழித்து அவரே எனக்கு ஆள் அனுப்பினார். போனேன். வண்டி மாட்டுக்கொட்டத்தில் நின்றது. முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார்: "மெத்தை நல்லாத்தான் இருக்காம்ப்பா. கோழி ஏறி முட்டை விட்டிருக்கு."

அவருக்கு ஒரு ஒடிசலான வண்டி கட்டிக் கொடுத்தேன். நிலைக்குள் போய் வந்தது. சாகிற வரைக்கும் மண்டிக்குப் போனார். மூத்த மகன் பிறகு என்னை 'அண்ணே' என்று கூப்பிட ஆரம்பித்தார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதிலிருந்து எவர் வந்து வண்டி கேட்டாலும் முதலில் அவர் வீட்டுக்குப் போவேன். நிலை, படி, கட்டில் உயரம், தெரு, வாய்க்கால், மேடு, எல்லாம் பார்ப்பேன். இதில் என்னைத் தோற்கடிக்க ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் லூர்துமேரி டீச்சர் வந்தார்.

வந்தார் என்றா சொன்னேன்? அவரால் வர முடியாது. அவர் தம்பி செபஸ்தியான்தான் வந்தான். அரிசிக் கடையில் கணக்கு எழுதுகிறவன். நல்ல பையன், அக்கா மேல் உயிர். "அண்ணே, தள்ளிக்கிட்டுப் போற மாதிரி ஒரு நாற்காலி வண்டி செஞ்சு குடுங்க. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போக" என்றான்.

பேகம்பூரில் பற்றவைப்புப் பட்டறை வைத்திருந்த பாய் ஒருவர் எனக்கு அடிக்கடி சொல்லுவார்: "உக்கார்ற ஆளுகிட்டக் கேளு அப்பு. பின்னாடி நிக்கிற ஆளுகிட்டக் கேக்காத." அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அவருக்குப் பிடித்திருக்காது. நான் கட்டிய வண்டிகளில் இரும்போடு இரும்பு சேருகிற இடமெல்லாம் அவர் கை. அந்தப் பேச்சு ஞாபகம் வந்ததால் உட்கார்கிற ஆளைப் பார்க்க அவன் வீட்டுக்குப் போனேன்.

டீச்சருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒரு காய்ச்சலில் விழுந்து எழுந்தபோது கால் இரண்டும் எழவில்லை. கிறிஸ்தவச் சாமியார்கள் நடத்துகிற பள்ளிக்கூடம் ஒன்றில் ஒண்ணாப்பு எடுத்தவர். இவர் படுத்ததும் தற்காலிகமாக இன்னொரு டீச்சரைப் போட்டுவிட்டார்கள்.

"தள்ளு வண்டி வேணாம்ண்ணே" என்றார். "மேனேஜர் சாமி வந்து பாத்தாரு. பள்ளிக்கூடம் திறக்கிற அன்னைக்கு நானே வரணும், நானே போர்டுல எழுதணும். ரெண்டும் செஞ்சா வகுப்பு எனக்கு. இல்லைன்னா அந்தப் பிள்ளையையே நிரந்தரமாக்கிருவேன்னு சொல்லிட்டாரு."

"சாமியார் இப்படிக் கல் மனசா இருக்கலாமா?" என்றான் செபஸ்தியான்.

"கல் மனசு இல்லடா. ஐம்பது பிள்ளைகளை வச்சுக்கிட்டு இருக்காரு. இரக்கப்பட்டு வேலை குடுத்தா, அது எத்தனை நாளைக்கு ஓடும்?" என்றார் டீச்சர்.

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. "ஒங்களுக்கு வண்டி ஓடும் டீச்சர். நான் செஞ்சா ஓடும்" என்றேன்.

பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்தேன். வீட்டு நிலை போதும். கட்டிலிலிருந்து வண்டிக்கு அவரே கை ஊன்றி நகர்ந்து ஏறலாம். தெரு ஒழுங்கு. நடுவில் ஒரு ரயில்வே கேட். தண்டவாளத்துக்கு ஏறுகிற இடத்தில் மேடு உண்டு. ஒண்ணாப்பு நடப்பது ஓலைக் கொட்டகையில், அதனால் படியே கிடையாது. போர்டு முக்காலியில் நிற்கிறது, இறக்கி வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் பார்த்து வண்டியைக் கட்டினேன். அப்போது எல்லா ஊரிலும் கட்டின முறை இதுதான்: வலது பக்கம் ஒரு கைப்பிடி, அதைச் சுற்றினால் செயின் ஓடி வண்டி நகரும். இடது கைக்கு ஒரு கம்பி, அதைத் திருப்பினால் முன் சக்கரம் திரும்பும், பிரேக்கும் அதில்தான். வலுவான கை வலது கை, ஆகவே வலுவான வேலை வலது கைக்கு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பள்ளிக்கூடம் திறப்பது திங்கட்கிழமை. சனிக்கிழமை காலையில் ஒத்திகை பார்த்தோம். டீச்சர் ஓட்டினார். நானும் செபஸ்தியானும் பின்னால் சைக்கிளில். கேட் மேட்டில் கொஞ்சம் திணறினார், ஆனால் ஏறிவிட்டார். எனக்கு மீசையை முறுக்கத் தோன்றியது. மீசை இல்லாததால் துண்டை உதறிப் போட்டுக்கொண்டேன்.

கொட்டகை காலியாகக் கிடந்தது. போர்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு டீச்சர் சாக்பீஸை எடுத்தார். பெரிதாக ஒரு 'அ' போட்டார்.

எனக்கு எழுத்து அதிகம் தெரியாது. ஆனால் சக்கரம் கோட்டம் பார்த்துப் பார்த்துப் பழகின கண். ஒரு வளைவில் நெளிவு இருந்தால் தெருக்கோடியிலிருந்தே சொல்லுவேன். அந்த 'அ' கோட்டம் விழுந்த ரிம் மாதிரி இருந்தது.

டீச்சர் சேலைத் தலைப்பால் அழித்துவிட்டு மறுபடியும் எழுதினார். மறுபடியும் நெளிந்தது. வலது கையை மடியில் வைத்து இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். அது உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டே இருந்தது. வீட்டிலிருந்து அதுவரை சுற்றிய கை.

"செத்த நேரம் இருந்தா சரியாயிரும் டீச்சர்" என்றேன்.

"மணி அடிச்சதும் பிள்ளைக உள்ள வந்துரும்ண்ணே. செத்த நேரம் கை நடுங்குது, சும்மா இருங்கன்னா இருக்குமா? ஒண்ணாப்புப் பிள்ளைக நான் எழுதுறதப் பாத்துத்தான் வரையும். நான் கோணினா அதுகளும் கோணும். சாமி பாக்கப் போறதும் அந்த எழுத்தத்தான்."

செபஸ்தியான் என்னைத் தனியாக இழுத்தான். ஆனால் அவன் ரகசியம் பேசினால் ஊருக்கே கேட்கும். "அண்ணே, திங்கக்கிழமை மட்டும் நான் தெருமுக்கு வரைக்கும் தள்ளிட்டுப் போயிருறேன். அங்கிருந்து அக்கா ஓட்டட்டும். கை நடுங்காது. சாமிக்கு என்ன தெரியப் போகுது?"

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. வேலை உறுதியாகிவிட்டால் மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் தலையாட்டப் போகிற நேரத்தில் டீச்சர் போர்டைப் பார்த்தபடியே கேட்டார்:

"அப்ப செவ்வாக்கிழமை?"

செபஸ்தியான் பிடித்திருந்த என் கையை விட்டான்.

பிள்ளைகளே, நெருக்கடி வந்தால் முதலில் தோன்றுகிற யோசனை திங்கட்கிழமை யோசனையாக இருக்கும். அன்றைக்கு ஒரு நாளைத் தாண்டிவிடும். நீங்கள் விற்கிற வண்டி செவ்வாய்க்கிழமையும் ஓட வேண்டும், மழை பெய்கிற புதன்கிழமையும் ஓட வேண்டும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது அந்த ஒரு கேள்வி.

டீச்சர் மடியில் கிடந்த இரண்டு கையையும் பார்த்தேன். ஒன்று நடுங்கியது. ஒன்று சும்மா கிடந்தது. பளிச்சென்று பிடிபட்டது.

"டீச்சர், கைப்பிடியை இடது பக்கம் மாத்திருவோம். சுத்துறது இடது கை, திருப்புறது வலது கை."

அவர் முகம் சுருங்கியது. "பீச்சாங்கையிலயா?"

"ஆமா."

"பீச்சாங்கையால ஓட்டிக்கிட்டு நான் கோயில் வாசல்ல போய் நிக்கவாண்ணே? பீச்சாங்கையில சிலேட்டுப் பலகை வாங்குற பிள்ளைகளைப் பிரம்பால அடிக்கிறவ நான். நாளைக்கு அதுகளே என்னையப் பாத்துச் சிரிக்கும்."

செபஸ்தியானும் சேர்ந்துகொண்டான். "ஒருத்தரு எதிர்ல வந்தா பீச்சாங்கை ஆட்டிக்கிட்டா போறது? மரியாதையா இருக்குமா?"

அப்போது நான் பேசியதுதான் என் தொழில் வாழ்க்கையிலேயே நான் பேசியதில் சிறந்த பேச்சு. அதனால் வார்த்தை மாறாமல் தருகிறேன்.

"சோத்தாங்கைன்னு அதுக்கு ஏன் டீச்சர் பேரு வச்சாக? சோத்துக்காகத்தான? ஒங்களுக்குச் சோறு போடுறது எது, வண்டி சுத்துறதா, சாக்பீஸ் பிடிக்கிறதா? சோறு போடுற கையைக் கொண்டுபோய் கழுதை வேலைக்கு விட்டுட்டு, சும்மா கிடக்குற கைக்கு மரியாதை பாக்குறீகளே. கழுதை வேலையப் பீச்சாங்கை பாக்கட்டும். சோத்தாங்கை மகாராணி மாதிரி போய் இறங்கட்டும்."

டீச்சர் சேலையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூசியைத் தட்டினார். பிறகு, "மூணாப்புத் தாண்டாத ஆளு இம்புட்டுப் பேசுறீக" என்றார்.

"ஒங்ககிட்டப் படிச்சிருந்தா நீங்க அடிச்சே வாயை மூடியிருப்பீக" என்றேன். நான் சின்ன வயதிலிருந்தே இடது கைக்காரன். அதை அவரிடம் அதுவரை சொல்லவில்லை. அவர் என் கையைப் பார்த்தார். ஸ்பேனர் இடது கையில்தான் இருந்தது.

"மாத்துங்க" என்றார்.

டீச்சரை வீட்டில் இறக்கிவிட்டு, வண்டியை அப்படியே பேகம்பூருக்குக் கொண்டுபோனேன். நல்லவேளை, பாய் பட்டறைக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை நெருப்பு எரியும். விஷயத்தைச் சொன்னேன். பாய் வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார்.

"ஏலே, பீச்சாங்கை வண்டியா? நாளைக்கு எவனாவது யார் செஞ்சதுன்னு கேட்டா ஒம் பேரைச் சொல்லு. எம் பேரு வேணாம்."

"ஒங்க பேரை நான் எப்பவுமே சொல்றதில்லையே பாய்."

"அதான் நம்ம சிநேகிதம் இம்புட்டு நாள் நிக்குது" என்றார்.

கைப்பிடியை இடது பக்கம் வைப்பது சின்ன வேலை இல்லை. சைக்கிள் ஃப்ரீவீலை இடது சக்கரத்தில் மாட்டினால் சுற்றச் சுற்றக் கழன்று வரும். அதனால் சீட்டுக்கு அடியில் குறுக்கே ஒரு கம்பி விட்டு, இடது கை சுற்றுவதை வலது சக்கரத்துக்குக் கொண்டுபோனோம். மற்ற விவரம் உங்களுக்கு வேண்டாம். இப்போது எவரும் அதைச் செய்யப் போவதில்லை. அந்த யோசனை என்னுடையது. பாய் இருந்திருந்தால் தன்னுடையது என்பார்.

பற்றவைத்த இடம் சூடு ஆறும்போது பாய் கேட்டார்: "அந்தம்மா வண்டியில எந்தப் பக்கமிருந்து ஏறுது?"

"இடது பக்கம்."

"இடது பக்கம்தான் இப்பக் கைப்பிடி வந்துருச்சே."

கூட வந்திருந்த செபஸ்தியானை உடனே வீட்டுக்கு அனுப்பி, வலது பக்கமிருந்து ஏறுகிற மாதிரி கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாற்றிப் போடச் சொன்னேன். ஒன்றை மாற்றினால் அது இன்னொன்றை இடிக்கும். அதனால் வண்டியை மாற்றினால் வீட்டையும் ஒரு தடவை மறுபடி பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டி வந்ததும் டீச்சர் தெருவுக்குள்ளேயே ஓட்டிப் பழகினார். சமதளத்தில் நன்றாகவே ஓட்டினார். கேட் வரைக்கும் போய்ப் பார்க்கப் பொழுது இல்லை.

திங்கட்கிழமை காலை. செபஸ்தியானை வீட்டை விட்டு வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அவன் பக்கத்தில் நின்றால் அவன் கை சும்மா இருக்காது. நான் சைக்கிளில் எட்டத்தில் போனேன். டீச்சர் வெள்ளைச் சேலை, மடியில் புதுச் சாக்பீஸ் டப்பா. தெருவில் இரண்டொருவர் இடது கையைப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் போய்த் திறந்ததும் இரண்டு பக்கமிருந்தும் கூட்டம் நெருக்கியது. டீச்சர் மேட்டில் ஏறினார். பாதியில் நின்றுவிட்டது. இடது கை புதுக் கை. சமதளத்துக்குப் போதும், மேட்டுக்குப் போதவில்லை. பிரேக்கைப் பிடித்துக்கொண்டார். பின்னால் கருப்பட்டி ஏற்றிய மாட்டு வண்டி. அதற்கும் பின்னால் சைக்கிள்கள், தலையில் கூடையோடு பூக்காரர்கள்.

மாட்டு வண்டிக்காரர் கீழே குதித்தார். "தள்ளிவிடுறேன் தாயி."

அப்போதுதான் எதிர்ப் பக்கத்தில் பார்த்தேன். வெள்ளை அங்கியோடு மேனேஜர் சாமி, சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறார். கூட்டத்தில் அவரும் மாட்டிக்கொண்டிருக்கிறார். இங்கேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் ஓடிப்போய் வண்டிக்காரருக்கு முன்னால் நின்றேன். "தொடாதீக" என்றேன்.

"என்னய்யா சொல்ற?"

"யாரும் தொடக்கூடாது. தொட்டா அவுக வேலை போயிரும்."

"பொம்பள நடுமேட்டுல தவிக்குது. வேடிக்கை பாக்கச் சொல்றியா? நீ மனுசனா?"

சுற்றி நின்றவர்கள் எல்லாம் அவர் கட்சி. ஒரு பூக்கார அம்மாள் என் சாதி சனத்தை எல்லாம் விசாரித்தார். என் கையே அந்தச் சீட்டின் முதுகைப் பிடித்துத் தள்ளத் துடித்தது. ஒரே தள்ளு. மேடு முடிந்துவிடும். கூட்டமும் வாயை மூடும். வண்டி கட்டுகிறவனுக்குச் சுத்தியல் பிடிக்கத் தெரிந்தால் போதாது. கையைக் கட்டிக்கொண்டு நிற்கவும் தெரிய வேண்டும். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அன்றைக்குச் செய்த வேலையில் அதுதான் கனமான வேலை.

டீச்சர் திரும்பாமலே கேட்டார்: "வண்டிக்கார அண்ணே, ஒங்க மாடு இந்த மேட்டுல எப்படி ஏறும்?"

வண்டிக்காரர் திகைத்துப் போனார். "பாரம் இருந்தா நேரா ஏறாது தாயி. கோணலாத்தான் ஏறும். அந்தா அந்தக் கடைசியிலருந்து இந்தக் கடைசிக்கு."

"அப்ப எனக்குச் செத்த இடம் விடுங்க."

கோணலாக ஏறலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. பாய்க்கும் தோன்றியிருக்காது. வண்டிக்காரர் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளினார். பின்னால் நின்றவர்களைத் திட்டித் திட்டி ஒதுக்கினார். செத்த நேரத்துக்கு முன்னால் என்னைத் திட்டிய அதே வாய். டீச்சர் வலது கையால் கம்பியைத் திருப்பி, இடது கையால் சுற்றி, மேட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குச் சாய்வாக ஏறினார். அங்கே நிறுத்தி மூச்சு வாங்கி, திருப்பி, மறுபடி சாய்வாக. தண்டவாளத்தில் சக்கரம் தடக்கென்று ஏறி இறங்கியது. பூக்கார அம்மாள் "மாதாவே" என்றார். அவர் நெற்றியில் திருநீறு இருந்தது.

சாமி சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே உருட்டிக்கொண்டு நடந்தார். அவருக்குப் பின்னால் நான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி அடித்து முடிந்திருந்தது. பிள்ளைகள் கொட்டகைக்குள் தரையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன. டீச்சர் நேராக உள்ளே போனார். நான் வெளியே ஓலைத் தட்டி ஓரமாக நின்றேன். சாமி வாசலில் நின்றார்.

டீச்சர் இடது கையை மடியில் போட்டார். அது வெடவெடவென்று நடுங்கியது. அதற்கு வேலை முடிந்துவிட்டது, நடுங்கட்டும். வலது கையால் சாக்பீஸை எடுத்தார்.

மேலிருந்து தொடங்கி ஒரே இழுப்பில் 'அ'. சுழி சுழியாக, வளைவு வளைவாக, கடைசிக் கோடு நூல் பிடித்த மாதிரி. நான் எத்தனையோ சக்கரம் கோட்டம் எடுத்திருக்கிறேன். அம்புட்டு உருண்டையாக என்னாலும் எடுக்க முடியாது. இதை நான் சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் கத்தலை நிறுத்திவிட்டுப் பலகையில் குனிந்தன. சாமி போர்டைப் பார்த்தார். வண்டியைப் பார்க்கவில்லை, டீச்சரின் காலையும் பார்க்கவில்லை. போர்டை மட்டும் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"டீச்சர், மணி அடிச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு. நாளைக்குக் கேட் மூடுறதுக்கு முன்னாலயே வந்து சேருங்க."

"சரிங்க சாமி" என்றார் டீச்சர்.

நாளைக்கு. அந்தச் சொல்லுக்காகத்தான் அம்புட்டுப் பாடும். செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

சாமி வெளியே வரும்போது என்னைப் பார்த்தார். "நீதான் கேட்டுல யாரையும் தொட விடாம நின்ன ஆளா?"

"ஆமா சாமி."

"சண்டைக்காரனா இருக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பள்ளிக்கூடத்துச் சைக்கிள்கள் எல்லாம் அதற்குப் பிறகு என் கடைக்குத்தான் வந்தன.

அந்த வண்டியைப் பார்த்து எத்தனையோ பேர் வந்தார்கள். சின்னாளப்பட்டியில் தறிக்கு நூல் சுற்றுகிற ஒருவர் வந்தார். அவரிடம் காலைப் பற்றிக் கேட்கவே இல்லை. எந்தக் கை சோறு போடுகிறது என்று கேட்டேன். இரண்டு கையும் என்றார். அவருக்குக் கை மாற்றி மாற்றிச் சுற்றுகிற மாதிரி கட்டினேன். கால் வராதவர் என்று வந்து நிற்பவரிடம் நாம் பார்க்க வேண்டியது வராத காலை அல்ல. அதை ஊரே பார்த்துவிட்டது. அவரிடம் மிச்சம் இருப்பது என்ன, அதை அவர் எதற்குச் சேர்த்து வைத்திருக்கிறார் என்று பாருங்கள். வண்டி அதைத் தின்றுவிடக் கூடாது.

உங்கள் ஸ்கூட்டரிலும் வேகம் கூட்டுகிற விசை வலது பக்கமே இருக்கிறது. ஒரு ஸ்குரூவைக் கழற்றினால் இடது பக்கம் மாற்றலாம். நேற்றுக் கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து பொழுது சாயும் வரை உங்களில் ஒருவரும் எந்தக் கை என்று கேட்கவில்லை.

லூர்துமேரி டீச்சர் ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்த வண்டியில்தான் போனார். நடுவில் சக்கரம் மாறியது, செயின் மாறியது, கைப்பிடி இருந்த பக்கம் மட்டும் மாறவில்லை. இடது கையால் பலகை வாங்கிய பிள்ளையை அதற்குப் பிறகு அவர் அடித்ததில்லை என்று அவரிடம் படித்தவர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

வண்டி கட்டிய வருடம், கிறிஸ்துமஸ் லீவு விட்ட அன்றைக்கு, டீச்சர் கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். தூக்குவாளி நிறைய அச்சு முறுக்கு. வலது கையால் எடுத்து நீட்டினார். விரலில் சாக்பீஸ் தூசி இருந்தது; எண்ணெய்க் கறை இல்லை. எனக்கோ இரண்டு கையும் முழங்கை வரைக்கும் கிரீஸ். எந்தக் கையை நீட்டுவது என்று முழித்துக்கொண்டு நின்றேன்.

டீச்சர் சிரித்தார். "ஒங்க சோத்தாங்கை எதுண்ணே?"

"எனக்கு ரெண்டும்தான் டீச்சர்" என்று சொல்லி, இரண்டு கையையும் சேர்த்து நீட்டி வாங்கிக்கொண்டேன்.